மீன் பைக்கு அடியில் இருந்த சீஸ்

தாமரை ஃப்ரிட்ஜைத் திறந்தது பாலுக்காக. அப்பாவின் வாயில் ஊற்ற ஒரு டம்ளர் பால் வேண்டும், சீக்கிரம் கொண்டு வா என்று கூடத்திலிருந்து அத்தை பவுனம்மாள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் பெட்டிக்குப் பக்கத்தில் மாவுச் சட்டி இருந்தது. மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு பீட்சா மாவு தொப்பை போட்டு நின்றது. நேற்று சனிக்கிழமை காலை அப்பா பிசைந்து வைத்த மாவு. பிசைந்த மனிதர் இப்போது கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். ஈஸ்டுக்கு அதெல்லாம் தெரியவா போகிறது? அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாலை மட்டும் எடுத்துக் கதவைச் சாத்தினாள். மேலே இருந்த ஃப்ரீசரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அப்பா தம்புசாமி மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் சும்மா உட்காரத் தெரியாமல், போனைப் பார்த்துப் பார்த்து பீட்சா கற்றுக்கொண்டார். முதல் மாதம் சுட்டதெல்லாம் கூரை ஓடு. பிறகு கை வந்துவிட்டது. சார்டின் மீன், வெங்காயம், பச்சை மிளகாய், கடைசியில் அம்மா ரசத்துக்கு வைத்திருக்கும் கருவேப்பிலையில் ஒரு கொத்து. அதற்கு அம்மாவிடம் வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

போன வருஷம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சீஸைக் குறைக்கச் சொல்லி டாக்டர் ஒரு தடவை சொன்னார். தாமரை நூறு தடவை சொன்னாள். எனக்கு இல்லம்மா, உங்களுக்குத்தான் என்பார். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், தட்டின் ஓரத்தில் கருகி ஒட்டிய சீஸை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வார். போன வாரம் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். வயசுக்குத் தகுந்த புத்தி வேண்டாமா என்று கேட்டுவிட்டாள். அவர் போய்க் கையைக் கழுவினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீஸ் பாக்கெட்டை எடுத்து, ஃப்ரீசரில் மீன் பைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் அவள் வேலையில் இருந்தபோது, பதினொரு மணி வெயிலில், அப்பா பீர் முகம்மதுவின் கடைக்கு நடந்து போனார். கல்லாவுக்கு முன்னாலேயே விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டியைச் சுற்றிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஸ்டென்ட் வைத்த மனிதர், அந்த வெயிலில் எதற்கு வெளியே போனார்? அம்மா உஷாராணி தலையை மட்டும் ஆட்டினாள். கேள்வி எழும்போதெல்லாம் தாமரை தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போனாள். அப்பாவைக் கொன்றது நான்தான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பது?

பத்து மணிக்குப் பீர் முகம்மது வந்தார். பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் ஓரத்துக்குத் தாமரையைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"ஒங்கப்பா வாங்குன சாமான், தங்கச்சி. ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தேன். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல லா."

உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அதையும் கொண்டுபோய் மீன் பைக்கு அடியில் செருகினாள்.

மதியம் அண்ணன் குருவும் ஆண்களும் பெட்டியோடு சிம்பாங் லீமாவில் இருக்கும் மின்சுடலைக்குக் கிளம்பினார்கள். பெட்டி வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவ வேண்டும். பிடித்து வைத்த தண்ணீர், ஆக்கி வைத்த சோறு, பிசைந்து வைத்த மாவு எதுவும் தங்கக்கூடாது. மூன்றாம் நாள் பால் தெளிக்கும்வரை அடுப்பும் பற்ற வைக்கக்கூடாது. இதிலெல்லாம் அத்தை கறார். அழுதுகொண்டே தம்பி வீட்டுத் தரையைத் தேய்த்தாள். அழுதுகொண்டே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுகளைக் காலி செய்தாள். மாவுச் சட்டியோடு பின்வாசல் குப்பைத் தொட்டிக்குப் போனவளைத் தாமரை குறுக்கே நின்று மறித்தாள்.

"அதைக் கொட்டாதீங்க அத்தை."

"துக்க வீட்டு மாவும்மா. வெக்கக் கூடாது."

சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் தாமரை. அத்தையும் விடவில்லை. தலையில் ஊற்றிய ஈரம் சொட்ட அம்மா குளியலறையிலிருந்து வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"நான்தான்மா சீஸை ஒளிச்சு வெச்சேன். அது இருந்திருந்தா அப்பா கடைக்குப் போயிருக்க மாட்டாரு. என்னாலதான்மா."

கழுவிவிட்ட தண்ணீர் சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா நடந்துபோய் ஃப்ரீசரைத் திறந்து மீன் பையைத் தூக்கினாள். பழைய பாக்கெட்டையும் கடைப் பையையும் வெளியே எடுத்தாள். கடைப் பைக்குள் ஒரு நீலப் பாக்கெட்டும் குளிரில் கறுத்துப்போன ஒரு கொத்துக் கருவேப்பிலையும் இருந்தன. அம்மா கருவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியும்டி," என்றாள். "காலைலயே கண்டுபுடிச்சிட்டாரு. என்னைக் கூப்புட்டுக் காட்டிச் சிரிச்சாரு. எடுத்துப் போடுங்கன்னேன். வேணாம், புள்ள பயந்துபோய் ஒளிச்சிருக்கு, வெச்ச எடத்துலயே இருக்கட்டும், கொழுப்பு கம்மியா ஒண்ணு விக்கிறானாம், அதை வாங்கியாறேன்னாரு."

தாமரை நீலப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அப்படித்தான் போட்டிருந்தது.

"வெயிலைப் பாத்துட்டு வாசல்லயே நின்னாரு. சாயங்காலம் போலாமான்னு யோசிச்சாரு. நான்தான், கருவேப்பிலை தீந்துபோச்சு, இப்பவே போய்ட்டு வந்துடுங்கன்னு அனுப்பினேன்."

தாமரை பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் அந்தக் கேள்விக்கு அம்மா ஏன் தலையை மட்டும் ஆட்டினாள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதார்கள்.

அத்தை சட்டியோடு நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்தாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓவனின் பிளக்கைச் சொருகினாள்.

"அடுப்பு பத்தக்கூடாது உஷா," என்றாள் அத்தை.

"இது அடுப்பு இல்ல அண்ணி. கரண்டு."

அத்தை ஓவனையும் மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சார்டின் மட்டும் போடாதீங்க," என்றாள்.

மாவு புளித்த வாடை அடித்தது. தாமரை அதை அமுக்கி, அப்பா செய்வதுபோல் விரல் நுனியால் தட்டில் பரப்பினாள். வட்டம் வரவில்லை. வெங்காயம், மிளகாய் போட்டாள். எந்தப் பாக்கெட்டைப் பிரிப்பது என்று தயங்கியபோது அம்மா இரண்டையும் பிரித்துக் கொடுத்தாள். கடைசியில் அந்தக் கறுத்த கருவேப்பிலையை உருவி அம்மாவே தூவினாள்.

ஆண்கள் திரும்பி வந்து வெளிக்குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது, வெந்துவிட்ட பீட்சாவில் முதல் துண்டை அத்தை வாங்கிக்கொண்டுபோய், பெட்டி இருந்த இடத்தில் எரிந்த விளக்குக்கு முன்னால் வைத்தாள். மீதித் துண்டுகளை அம்மா வேறு தட்டுக்கு மாற்றியபின் வெறும் தட்டைக் கழுவத் தாமரை சிங்க்குக்கு எடுத்துப் போனாள். ஓரத்தில் சீஸ் கருகி ஒட்டியிருந்தது. குழாயைத் திறக்கப் போனவள் நின்றாள். நகத்தால் சுரண்டி வாயில் போட்டாள். கசந்தது. தட்டைத் திருப்பிப் பிடித்து அடுத்த ஓரத்தையும் சுரண்டினாள்.