கைவோலா வாசலில் நின்றவர்கள்

இலோனா சார்பனேவாவின் முனைவர் பட்ட ஆய்வுக்கு இருநூறு பேர் தேவைப்பட்டார்கள். பின்லாந்தில் கைவோலா என்ற சிற்றூரின் பம்புத் தொழிற்சாலை வாசலில் பதினோரு பேர்தான் நின்றார்கள். தம்பெரேயிலிருந்து ரயிலிலும் பிறகு பஸ்ஸிலுமாக வந்து இறங்கியவள், தவறாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தடவை எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான் வந்தது.

உலகமயமாக்கலும் தொழிலாளர் இயக்கங்களும் என்பது அவள் தலைப்பு. கைவோலாவில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவை அப்படியே பெயர்த்து, கோடைக்கு முன்னால் ருமேனியாவுக்குக் கொண்டுபோகப் போவதாக முதலாளிகள் அறிவித்திருந்தார்கள். பிரிவில் நாற்பத்து நான்கு பேர். அவர்கள் முறைவைத்துத் தினமும் காலை வேலைக்கு முன் அரை மணி நேரம் வாசலில் நிற்பதென்று சங்கம் தீர்மானித்திருந்தது.

நின்றார்கள் என்றால் நின்றார்கள், அவ்வளவுதான். கோஷம் கிடையாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி. மைனஸ் பதினெட்டு டிகிரியில் மூச்சு மட்டும் புகையாக வந்தது. பதாகையில் ‘இந்த முடிவில் எங்களுக்கு உடன்பாடில்லை’ என்று ஃபின்னிஷ் மொழியில் எழுதியிருந்தது. ‘சிறிதும் உடன்பாடில்லை’ என்று போடலாமென்று ஒருவர் சொன்னதாகவும், அது கத்துவது போல் இருக்கும் என்று கூட்டத்தில் நிராகரிக்கப்பட்டதாகவும் இலோனா பின்னால் தெரிந்துகொண்டாள்.

அவள் கேள்வித்தாளைக் கொடுத்தாள். ‘உங்களை இங்கே வரவழைத்தது எது?’ என்ற கேள்விக்குக் கோபம், நம்பிக்கை, ஒற்றுமையுணர்வு என்று கட்டங்கள் இருந்தன. ஆலைக்குள் சரக்கைத் தூக்கிவைக்கும் பாரவண்டியை ஓட்டும் ரெய்யோ ஓவாஸ்கா எந்தக் கட்டத்தையும் தொடாமல் பக்கத்தில் ‘செவ்வாய்க்கிழமை’ என்று எழுதிக் கொடுத்தான். அவனுடைய முறை அன்றைக்கு.

சங்கப் பிரதிநிதி மெர்வி ஹாப்பகோஸ்கி மட்டும் எல்லாவற்றையும் நிரப்பினாள். ஐம்பத்திரண்டு வயது. அதே கம்பி சுற்றும் இயந்திரத்தில் இருபத்தேழு வருஷம்.

“இதனால மிஷினு இங்கயே இருக்குமா?” என்று கேட்டாள்.

“இல்லங்க. இது ஆராய்ச்சி.”

“சரி, கேட்டேன்.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜனவரி கடைசியில் ருமேனியாவிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். ஆறு வாரம் தங்கி வேலை கற்றுக்கொண்டு போவது ஏற்பாடு. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் வேலையை இழக்கப் போகிறவர்கள். கற்றுக்கொடுக்காவிட்டால் இழப்பீடு இல்லை என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். தினமும் காலையில் கம்பெனி வேன் அந்தப் பதினான்கு பேரையும் பதாகையைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் இறக்கியது. இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் வாகன நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். ஊரில் ருமேனிய மொழி தெரிந்த இன்னொரு ஆள் இலோனாதான். மாணவியாக அங்கே ஒரு வருஷம் இருந்திருக்கிறாள். பணியாளர் பிரிவு மேலாளர் ஹென்ரிக் ஸ்டோர்பாக்கா அவளைத் தேடி விடுதிக்கே வந்தார். அவள் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

“உள்ள போ. இந்த மாதிரி வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?” என்றார் அவர். “ஆனா ஒண்ணு. நீ பாக்கறதுக்குப் போற. எதையும் மாத்திடாத.”

மாற்றமாட்டேன் என்று இலோனா சொன்னாள். சொன்னபோது அது உண்மைதான்.

மறுநாள் அவள் மெர்விக்கும், வியோரிகா டான்ச்சு என்ற பெண்ணுக்கும் நடுவில் நின்றாள். வியோரிகாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் குளிருக்குத் துணிச் செருப்பு மாதிரி ஒன்றைப் போட்டிருந்தாள். கம்பியின் இழுவிசை, சுற்றின் எண்ணிக்கை என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு வியோரிகா மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினாள்.

“ஓய்வெடுத்துக்கப் போற நேரத்துல இவ்வளவு பொறுமையா சொல்லித் தர்றீங்க மேடம். நல்ல மனசு.”

இலோனா அதை மொழிபெயர்த்தாள்.

“மேடம் எல்லாம் வேணாம்னு சொல்லு,” என்றாள் மெர்வி. “யாரு ஓய்வெடுக்கறா?”

“நீங்க எல்லாரும்தான். வயசாயிடுச்சு, புதுசா ஆளும் கிடைக்கல, அதனால எங்க ஊருக்கு மாத்தறோம்னு சொன்னாங்களே.”

மெர்வி இயந்திரத்தை நிறுத்தினாள். “இங்க அறுபது தாண்டினவங்க ரெண்டு பேரு. ரெய்யோவுக்கு நாப்பத்தாறு. பாத்தா அப்படித் தெரியாது, அது வேற விஷயம்.”

“அதையும் சொல்லட்டுமா?” என்று இலோனா கேட்டாள்.

“எல்லாத்தையும் சொல்லு. தினமும் வாசல்ல நிக்கறோமே, நாங்க யாருன்னு நெனச்சாங்களாம், கேளு.”

வியோரிகா தயங்கினாள். வாசலுக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம் இருந்தது.

“பஸ்ஸுக்கு நிக்கறாங்கன்னு நெனச்சோம்,” என்றாள்.

இலோனா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அதை மொழிபெயர்த்தாள். பதாகை எழுதிய கூட்டத்துக்கு மெர்விதான் தலைமை.

அன்று வியாழக்கிழமை. உணவுக்கூடத்தில் பட்டாணி சூப்பு. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக மெர்வி தன் மேசையை விட்டு எழுந்து தட்டோடு இன்னொரு மேசைக்குப் போனாள். இலோனாவும் கூடப் போக வேண்டியிருந்தது. வியோரிகா தன் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினாள். நிரந்தர வேலை என்று வாய்ப்பேச்சு. தாளில் ஆறு மாதம், அதுவும் ஓர் ஏஜென்சியின் பெயரில். மெர்வி தன் கடிதத்தைக் காட்டினாள். இரண்டு தாளிலும் ஒரே ஆள் கையெழுத்து இருந்தது.

“முழுசா சொல்லிக்குடுன்னுதானே எழுதியிருக்கான்?” என்றாள் மெர்வி. “முழுசா சொல்லிக்குடுக்கறேன்.”

மறுநாள் அவள் மின்சாரம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தாள். செம்பு பூமியில் எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு ஒரு நாள் ஆனது. பதினான்கு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார்கள். மற்ற இயந்திரங்களிலும் இதே கதைதான். ரெய்யோ பாரவண்டியின் பின்பக்க விளக்கைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினான். அவன் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. இலோனா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். இதில் தான் எதையும் மாற்றவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, அதை அடித்தாள்.

ஆறாம் வாரம் ஒரு படிவம் வந்தது. ‘இந்த இயந்திரத்தை என்னால் தனியாக இயக்க முடியும்’ என்று கற்றவர் கையெழுத்திட வேண்டும். ஒருவரும் போடவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை காலை, வேனிலிருந்து இறங்கிய பதினான்கு பேரும் உள்ளே போகாமல் பதாகைப் பக்கம் வந்து, இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு நின்றார்கள். அன்று முறை இல்லாதவர்களும் வந்திருந்தார்கள்.

ஐந்து நிமிஷம் அமைதியாக இருந்தார்கள். அதற்கு மேல் ருமேனியர்களால் முடியவில்லை. யாரோ ஒருவர் பாட ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கைவோலாக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு பனியைப் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டில் ரெய்யோவின் பூட்ஸ் லேசாகத் தாளம் போட்டது. உடனே அவன் பதாகைக் கம்பை இலோனாவின் கையில் கொடுத்துவிட்டு, காப்பி குடிக்கப் போகிறேன் என்று போய்விட்டான்.

ஸ்டோர்பாக்கா கோட்டு கூடப் போடாமல் வெளியே வந்தார்.

“இவங்களுக்கு என்ன வேணுமாம்?”

இலோனா கேட்டுச் சொன்னாள். ருமேனியர்களுக்கு நிரந்தர ஒப்பந்தம். கைவோலாக்காரர்களுக்கு வேறு வேலைப் பயிற்சியும், அது முடிகிறவரை சம்பளமும்.

“நீ யாரு பக்கம்?”

“நான் மொழிபெயர்க்கறேன் சார்.”

“அதான், எங்க நின்னு மொழிபெயர்க்கற?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ‘உடன்பாடில்லை’ என்ற வார்த்தைக்கு நேர் கீழே நின்றிருந்தாள். கம்பைக் கீழே வைக்கலாம். பதாகை பனியில் விழும். அவள் கையுறையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். இரண்டு வருஷமாக எழுதிய எதிலும் வராத ஒரு நிம்மதி அப்போது வந்தது. அதோடு, எதையும் மாற்றாதே என்று பேராசிரியர் சொன்னதும் ஞாபகம் வந்தது.

கம்பி சுற்றும் பிரிவு போகத்தான் போனது. ஆனால் கோடைக்கு முன் போகவில்லை, நவம்பரில் போனது. இயக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் இயந்திரத்தை லாரியில் ஏற்றி என்ன பயன் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். பதினான்கு பேருக்கும் நிரந்தர ஒப்பந்தம் கிடைத்தது. கைவோலாவில் பயிற்சியும் சம்பளமும் ஒத்துக்கொள்ளப்பட்டன. ரெய்யோ இப்போது நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். மெர்வி பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறாள். இயந்திரச் சத்தம் இல்லாமல் முதல் மாதம் தூக்கம் வரவில்லை என்றாள்.

பேராசிரியர் முறையியல் அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதச் சொன்னார். இலோனா எழுதினாள். ‘ஆய்வாளர் கம்பைப் பிடித்திருந்தார்’ என்ற வாக்கியத்தை எடுக்கச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

ஆய்வேட்டு விவாதத்துக்கு மெர்வியும் ரெய்யோவும் தம்பெரே வந்து, கடைசி வரிசையில் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் மெர்வி நடைவழியில் இலோனாவைப் பிடித்தாள்.

“நாங்க என்ன பண்ணோமோ அதுக்கு இவ்வளவு பெரிய பெரிய பேரெல்லாம் இருக்குன்னு தெரியாது,” என்றாள். பிறகு போனை நீட்டினாள். “வியோரிகா அனுப்பியிருக்கா. போன்ல மொழிபெயர்ப்பு அரைகுறையா வருது.”

இலோனா படித்தாள். “கிழக்க இன்னும் தள்ளி ஒரு நாட்டுல இருந்து எட்டு பேரு அடுத்த மாசம் வேலை கத்துக்க வர்றாங்களாம். என்ன பண்றதுன்னு கேக்கறா.”

மெர்வி யோசித்தாள். ரெய்யோ உள்ளே காப்பியும் கேக்கும் வைத்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

“மொத நாளே பேசச் சொல்லு,” என்றாள் மெர்வி. “நாங்க ஒம்பது நாள வீணாக்கிட்டோம்.”

இலோனா சுவரில் சாய்ந்து நின்று தட்டச்சு செய்தாள். உள்ளேயிருந்து பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். அவள் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினாள்.