ஆறாத இரண்டு டோனட்டுகள்

பல்லக்கா தன் பத்தாவது கல்யாண நாளுக்காகப் பொரித்த பதினான்கு டோனட்டுகளில் பன்னிரண்டு அன்று சாயங்காலமே தீர்ந்துபோயின. மிச்சமிருந்த இரண்டும் ஏழு வருடம் ஆறவே இல்லை. எண்ணெயிலிருந்து எடுத்தபோது என்ன சூடோ, வெயிலிலும் மழையிலும் அதே சூட்டோடு சமையலறை மேடையின் மூலையில் இருந்தன. கெட்டும் போகவில்லை, எறும்பும் அண்டவில்லை. தெருவில் அநேகமாக எல்லோரும் போய்ப் பார்த்திருக்கிறோம். முதல் மாதம் மட்டும் ஒன்பது பேர் விரலைச் சுட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் தொடுவதில்லை.

அவள் நிஜப் பெயர் வேறு. பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிற வேலை. பல் செய்கிற அக்கா பல்லக்கா ஆகிவிட்டாள். அவளைக் கட்டியவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்க "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தி, அவருக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. தெருவில் நடந்து வரும்போதுகூட எதிரே மாடு வந்தால் அவர் இடது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும்.

பல்லக்காவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாயின் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, அது இறுகியதும் ரோஸ் நிற மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, உரசி, பார்த்து, மறுபடி உரச வேண்டும். ஒரு முறை ஒரு பெரியவரின் மனைவி, அவருடைய இளவயதுப் புகைப்படத்தை எடுத்துவந்து கொடுத்தார். முன்பற்களுக்கு நடுவே இருந்த மெல்லிய இடைவெளியைப் பல்லக்கா மூன்று நாள் உட்கார்ந்து அப்படியே கொண்டுவந்தாள். பெரியவர் கண்ணாடி பார்த்துச் சிரித்தார், அழுதார், பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கை தங்கக் கை" என்றார். டாக்டர் அடக்கமாகத் தலையாட்டினார். பல்லக்கா கதவுக்குப் பின்னால் நின்று கையிலிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடம் இப்படிப் போயிற்று. அதில் தனக்குக் கோபம் ஒன்றும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கிளட்சிடம்தான் அவள் கார் ஓட்டக் கற்றாள். லைசென்ஸ் வாங்கிய அன்று ஒரு பேக்கரியில் ஜாம் வைத்த டோனட் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நடுவில் ஓட்டை இல்லாத வகை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஜாம் இருக்கும். அவர் அதைப் பிய்த்தபோது ஜாம் முழுக்க ஒரு பக்கமாகப் போய்விட்டது. ஒரு நொடிகூட யோசிக்காமல் அந்தப் பாதியை அவளிடம் நீட்டி, வெறும் மாவை அவர் தின்றார். கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அவள் முடிவு செய்தது அங்கேதான். அந்த பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. அதனால் பத்தாவது கல்யாண நாளுக்கு அதைத் தானே செய்துவிடுவது என்று கிளம்பினாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தெரியாமல் செய்து பார்த்தாள். முதல் வாரம் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. இரண்டாம் வாரம் எண்ணெய் குடித்தது. மூன்றாம் வாரம் பதம் பிடிபட்டது. கல்யாண நாளன்று அரை நாள் லீவு போட்டு வந்து, வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டைக் கரைத்து, வெண்ணெயும் முட்டையும் சேர்த்து மாவைக் கால் மணி நேரம் அடித்துப் பிசைந்தாள். துணி போட்டு மூடி, இரண்டு மடங்கு பொங்கும்வரை காத்திருந்தாள். உருட்டி வைத்து, மறுபடி பொங்கவிட்டு, எண்ணெய் அதிகம் காயாமல் பார்த்து இரண்டிரண்டாகப் போட்டாள். ஒவ்வொன்றும் தானாகத் திரும்பிக்கொள்ளுமளவு லேசாக இருந்தது; இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பதினான்காவதைப் போடும்போது எண்ணெய் தெறித்து முழங்கைக்குக் கீழே மூன்று கொப்புளம். தானே காய்ச்சிய ஸ்ட்ராபெரி ஜாமைப் பல் வேலைக்கு வைத்திருந்த புது சிரிஞ்சில் ஏற்றி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் அளவாக நிரப்பிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கிளட்ச் கல்யாண நாளை மறந்துவிட்டார் என்று சொன்னால் அது அபாண்டம். ஏழு மணிக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் மறந்தது, டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு அன்று பிறந்தநாள், ஆளுக்கு ஒரு பலகாரம் கொண்டுபோக வேண்டும் என்பதை. ஐந்து மணிக்கு ஓட்டமாக வீட்டுக்கு வந்தவர் கண்ணில் தட்டு பட்டது. பன்னிரண்டை அட்டைப் பெட்டியில் அடுக்கினார். குளியலறைக் கதவருகே போய், "நமக்கு ரெண்டு போதும்ல? இதோ வந்துர்றேன்" என்றார். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டது "வந்துர்றேன்" மட்டும்தான்.

வெளியே வந்து பார்த்தால் தட்டில் இரண்டு. மற்ற இடமெல்லாம் எண்ணெய் வட்டங்கள். எண்ணிப் பார்க்காமலே பன்னிரண்டு என்று தெரிந்தது. ஏதோ அவசரம், திரும்பக் கொண்டுவருவார் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆறரைக்கு போன் வந்தது. முதலாளியின் மனைவி.

"உங்க வீட்டுக்காரர் கையில இப்படி ஒரு பக்குவம் இருக்கும்னு நெனச்சே பாக்கலங்க. மாவு எவ்வளவு நேரம் ஊறணும்னு கேட்டா, 'அது கைக்கே தெரியும்மா'ன்னு சிரிக்கிறார். நீங்களாவது கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேட்டுச் சொல்றேங்க" என்று பல்லக்கா போனை வைத்தாள்.

கிளட்ச் சிரித்த முகமாகத்தான் வந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"யாரு செஞ்சதுன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் சுத்தி நின்னு கேட்டாங்களா, சட்டுனு வாயில வந்துருச்சு."

"என்ன வந்துச்சு?"

"நான்தான்னு." அவர் வாட்சைப் பார்த்தார். "இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நீ வேற நான் வேறயா? நீ செஞ்சா நான் செஞ்ச மாதிரிதானே. கெளம்பு, படம் போட்ருவான்."

அவள் முழங்கையை விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். "அப்படின்னா இது உனக்கு எரியுதா?"

பத்து வருடம் அவரை 'நீங்க' என்று அழைத்தவள். அன்று 'நீ'க்கு இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. கிளட்ச் தட்டருகே போனார். சமாதானமாக ஒரு டோனட்டை எடுத்து அவளுக்கு ஊட்டலாம் என்று கையை நீட்டியவர், "ஆ" என்று உதறினார். எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையிலும் அதே சூடு. பல்லக்கா மெழுகுத் தொட்டிக்கு வைக்கும் வெப்பமானியைக் குத்திப் பார்த்தாள்: எண்பத்தாறு டிகிரி. கிளட்ச் இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்தார்; உள்ளே இருந்த பால் பொங்கியது, பிறகு ஃபிரிட்ஜ் ஓடவில்லை. ஆறாவது நாள் அவளுக்குத் தெரியாமல் குப்பையில் போட்டார். பிளாஸ்டிக் தொட்டி உருகி வழிந்தது. குப்பை எடுக்கும் பெண் இரண்டையும் ஒரு டின்னில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து, "அக்கா, இது உங்க வீட்டுதுதானே? வண்டியில போட முடியாது" என்று கொடுத்துவிட்டுப் போனார். உணவுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். 'பண்டம் இரண்டு, நிலை சூடு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஊர் முழுக்க வந்து அறிவுரை சொன்னது. ஆம்பளைங்க அப்படித்தான், அவரு என்ன குடிக்கிறாரா, அடிக்கிறாரா, ஒரு பலகாரத்துக்கா இவ்வளவு, நீ ஆறினாத்தான் அதுவும் ஆறும் என்றெல்லாம். கிளட்சின் அக்கா இரண்டு நாள் தங்கியே சொன்னார். பல்லக்கா எல்லோருக்கும் அந்த இரண்டு டோனட்டுகளின் மேலேயே பாலைச் சுடவைத்து டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஆறணும்னு உங்களுக்கு என்ன அவசரம்?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அக்கா அன்றே ஊருக்குக் கிளம்பினார்.

"இதுக்குப் போயா" என்று கிளட்ச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் வெப்பமானி இரண்டு டிகிரி ஏறி, இரவுக்குள் பழையபடி இறங்கியது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு நாலு வருடம் பிடித்தது.

பல்லக்காவின் கோபம் வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே டாக்டரிடம் போய், பல்செட்டோடு கொடுக்கிற அட்டையில் தன் பெயரையும் போட வேண்டும் என்றாள். டாக்டர் நல்ல மனிதர்தான். நல்ல நகைச்சுவை கேட்டது போலச் சிரித்தார். "வாய்க்குள்ள இருக்கறதுக்கு எதுக்கும்மா பேரு?" மெழுகுக் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். வீட்டு முன்னறையில் தனியாகத் தொழில் தொடங்கினாள். மெழுகை இளக்க அடுப்பு வாங்கவில்லை. வேலை நேரத்தில் மட்டும் இரண்டு டோனட்டுகளையும் ஒரு கிண்ணத்தில் வைத்து முன்னறைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் மெழுகுத் தட்டை ஏற்றினால் போதும்; கிளட்ச் வாயைத் திறக்காதவரை சூடு ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. செய்த ஒவ்வொரு செட்டிலும், மேலண்ணத்தில் ஒட்டும் பக்கத்தில், தன் பெயரின் முதல் எழுத்தை ஊசியால் கீறினாள். போட்டுக்கொண்டவர்கள் நாக்கால் தடவிப் பார்த்து எழுத்தைத் தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது வருடம் டாக்டரே பல்செட் செய்து தரச் சொல்லி ஆள் அனுப்பினார், எழுத்து இருந்தால் பரவாயில்லை என்று. பரவாயில்லை என்ற சொல்லுக்காக அவரை ஆறு மாதம் காக்கவைத்தாள்.

கிளட்ச் அதே வீட்டில்தான் இருந்தார். சாப்பாடு உண்டு, பேச்சும் உண்டு. காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொண்டாள். சிரிப்புதான் இல்லை. அவர் சமையலறைக்குள் நுழைந்தால் பக்கவாட்டில் அனல் அடித்தது.

ஏழாவது வருடம் ஒரு வங்கி அதிகாரி அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார். ஸ்டியரிங்கைக் கண்டாலே வேர்த்துக் கொட்டுகிற ஆள். நாற்பத்திரண்டு நாள் கிளட்ச் தொண்டை கிழியக் கத்தித் தேற்றினார். தேறிய அன்று அந்த அதிகாரி எல்லோருக்கும் கைகொடுத்து, "சொல்லிக் குடுத்தெல்லாம் வராது சார். எனக்கு இது தானா வந்துச்சு" என்றார். கிளட்ச் பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போனார். மேடையிலிருந்த அந்த இரண்டு டோனட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைக்குப் போய் மைதாவும் ஈஸ்ட்டும் வாங்கிவந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் மாவு பிசைந்தார். பல்லக்கா முன்னறையில் பல் நட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் வந்தவற்றைச் சுவரில் அடித்தால் சுவர்தான் பெயரும். எண்ணெய் அவர் மணிக்கட்டில் தெறித்தது, நெற்றியில் தெறித்தது. எட்டாவது ஞாயிறு, ஓரளவு வெள்ளைக் கோடு விழுந்த பன்னிரண்டு டோனட்டுகள் தேறின. திங்கட்கிழமை அவற்றை டிரைவிங் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "ஏழு வருஷத்துக்கு முன்னாடி கொண்டாந்தது நான் செஞ்சது இல்ல. என் வீட்டுக்காரி எங்க கல்யாண நாளுக்குச் செஞ்சது. கேக்காம எடுத்துட்டு வந்தேன், பேரையும் எடுத்துக்கிட்டேன். இதுதான் நான் செஞ்சது."

முதலாளி ஒன்றைக் கடித்து, மென்று முடித்தார். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமேப்பா. சிக்னல்ல நிக்கவே உனக்குப் பொறுமை கெடையாது, மாவு பொங்கற வரைக்கும் நீயா உக்காந்திருப்ப? நல்லாருந்துச்சு, தின்னோம்."

கிளட்ச் இதை மறைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து ஒரு சொல் விடாமல் சொன்னார். பல்லக்கா நட்டுக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்."

"போன் பண்ணி ரெசிப்பி கேட்டாளே, அவளுக்கும்."

"அவங்களுக்கும்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே தின்னுட்டு வாய மூடிக்கிட்டிருந்திருக்காங்க." அவள் குரல் உயரவில்லை. முன்னறையில் மெழுகுத் தட்டு கொதித்துச் சுவரெல்லாம் ரோஸ் நிறத்தில் தெறித்தது. வெப்பமானி நூறைத் தாண்டி உடைந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

அவள் கிண்ணத்தைச் சமையலறைக்குத் தூக்கிவந்தாள். வெறுங்கையால் ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஜாம் ஆவி பறக்க வழிந்தது. கண்ணில் நீர் முட்ட, நின்றபடியே கடைசித் துணுக்குவரை தின்றாள். அது நன்றாகவே வந்திருந்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது; செய்தவள் அதுவரை ஒன்றுகூடத் தின்றிருக்கவில்லை. மற்றதை அவர் முன்னால் வைத்தாள்.

"தின்னு. ஊதக் கூடாது."

கிளட்ச் ஊதவில்லை. தின்று முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நாக்கிலும் அண்ணத்திலும் தோல் உரிந்து, மூன்று வாரம் அவரால் பேச முடியவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள்.

கிண்ணம் காலியான பிறகும் பல்லக்கா அடுப்பு வாங்கவில்லை. மெழுகுக் கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடினால் பத்து எண்ணுவதற்குள் இளகிவிடுகிறது. மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளின் ஈரச் சட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் கையால் ஒரு முறை நீவித் தருவாள். கோபம் போயிற்றா என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் இருவரும் கடைத்தெருப் பக்கம் நடந்து வருவதைப் பார்க்கலாம். பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் கிளட்ச் நிற்பார், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார், அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடிப்பார்.