நூற்றுக்குப் பன்னிரண்டு

தையற்காரிக்கு ஆறு வருஷமாக மூட்டுவாதம். விடியும்போது விரல் பத்தும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஊருக்கெல்லாம் பொத்தான் தைக்கிறவளுக்குத் தன் பொத்தானைப் போட்டுக்கொள்ள வராது. மாத்திரைக்கு நோய் கேட்கவே இல்லை. ஆனால் மருந்தை மாற்றலாமா என்பதை டாக்டரம்மா ஒரு படிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் ஐந்து வரை. கஷ்டம் கூடினால் எண்ணும் கூடும். இவளோ யார் கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்று சொல்லியே பழகியவள். போன தடவை மொத்தமே பன்னிரண்டு. "அடடே, பிரமாதம்!" என்று அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவள் புருஷன் கணக்கு வாத்தியார். அந்தப் பன்னிரண்டு அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு எழுபத்துநாலு! மனுஷனுக்கு மானமே போய்விட்டது. இந்த முறை படிவத்தை முன்கூட்டியே வாங்கிவந்து, சாயங்காலம் தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல் கேள்வி. காலையில எழுந்ததும் கை வேலைக்குச் சிரமமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சைபர் போடுங்க."

"சைபரா! நான் உயிரோட இருக்கும்போதா?"

"ஐயோ, இது பரீட்சை இல்லீங்க. நிறைய வந்தா நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தம்."

"அர்த்தம் கிடக்கட்டும். கீழ 'மொத்தம் நூறு'ன்னு போட்டிருக்கா இல்லையா? அப்ப பரீட்சைதான். ஆனா பொய் எழுதக் கூடாது. ஒவ்வொரு மார்க்குக்கும் ஆதாரம் சொல்லு."

இந்த மனுஷனோடு யார் மல்லுக்கட்டுவது? அவள் யோசித்தாள்.

"பேஸ்ட் மூடி திறக்க வரல. பல்லால கடிச்சுத் திறக்கறேன்."

"சபாஷ்! அஞ்சு! அடுத்தது, குளிக்கச் சிரமமா?"

"தாழ்ப்பாள் போட்டா மறுபடி திறக்க முடியாது. அதான் போடறதில்ல. உள்ள ஆள் இருக்குன்னு தெரியட்டும்னு சத்தமாப் பாடறேன்."

"அடிப்பாவி! குஷியில பாடறேன்னு நெனச்சு நானும் வெளியில தாளம் போட்டேனே! அதுக்கும் அஞ்சு!"

இப்படியே மார்க் மளமளவென்று ஏறியது. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"உங்களுக்கென்று யாருமே இல்லாதது போலத் தோன்றியதா?"

"அஞ்சு," என்றாள் உடனே.

"ஆதாரம்?"

"நீங்கதான்."

பேனா அப்படியே நின்றது.

"தினமும் 'எப்படி இருக்கே'ன்னு கேப்பீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள விடைத்தாள் திருத்த உக்காந்துடுவீங்க. இன்னைக்குத்தான், மார்க்குக்காகவாவது, முழுசாக் கேட்டீங்க."

வாத்தியார் முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஐந்தை எழுதினார். அது கோணலாக விழுந்தது.

"அப்புறம்?" என்றார்.

"அதான் இருபதும் முடிஞ்சுதே."

"கேள்வி முடிஞ்சுது. நீ சொல்லு."

அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த சாதம் கரிந்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எண்பத்தேழா! ஏம்மா, இத்தனை நாள் வாயில என்ன வச்சிருந்தீங்க?" மருந்தை மாற்றி எழுதினார். பிறகு படிவத்தின் அடியைப் பார்த்தார். "இது என்ன, அஞ்சை அடிச்சுட்டு மூணு போட்டிருக்கு?"

"காலையில நான்தான் திருத்தினேன் டாக்டர்," என்றாள் தையற்காரி. "அது நேத்து சாயங்காலம் வரைக்கும்தான் அஞ்சு."

ரெண்டு மார்க் போனதைப் பற்றி வாத்தியார் மூச்சு விடவில்லை. மனைவியின் பூப்போட்ட கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார்.