பதினோரு சிவப்புக் கோடுகள்

வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு காவலாளி உண்டு. அது ஒரு புரதம். வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தொட்டதும் அபாய மணி அடிக்கும். நம்முடைய ஆர்.என்.ஏ.வும் அங்கேதான் ஏராளமாகக் கிடக்கிறது, அதைக் கண்டுகொள்ளாது. எதைப் பார்த்து இனம் பிரிக்கிறது? இந்த ஒரு கேள்விக்காகத்தான் நாலு வருஷம் குரோம்பேட்டையில் ரயிலேறி காட்டாங்குளத்தூர் போய் வந்தேன். பதில் கிடைத்தால்தான் முனைவர் பட்டம். அதுவரை கல்யாணப் பேச்சு கூடாது என்று அத்தாவிடம் சண்டை போட்டு வாங்கிய வருஷங்கள் அவை.

2004இல், மணி அடித்தால் செல் ஒளிரும்படி செய்து வைத்திருந்தேன். ஒரு தட்டிலிருந்த செல்களுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நம் செல்லின் ஆர்.என்.ஏ.வை அப்படியே நகலெடுத்து நானே குழாயில் தயாரித்தது. இரண்டாவது தட்டு ஒளிரவே கூடாது. ஒளிர்ந்தது.

"அழுக்கு சேர்ந்திருக்கும்மா. கிளவுஸ் மாத்திட்டு மறுபடி பண்ணு," என்றார் என் வழிகாட்டி சத்தியநாதன் சார்.

பதினோரு முறை பண்ணினேன். பதினோரு முறையும் ஒளிர்ந்தது. எங்கள் ஆய்வகத்தில் நோட்டுப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. சிவப்புக் கோடு போட்டு, காரணம் எழுதி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். அப்படியே செய்தேன். பிறகு சார் ஒரு கம்பெனியிலிருந்து அதே ஆர்.என்.ஏ.வை வரவழைத்துக் கொடுத்தார். அது ஒளிரவில்லை. "பாத்தியா?" என்றார். இருவரும் கேன்டீனில் டீ குடித்தோம். அன்று நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

2006 கடைசியில் ஒரு வெளிநாட்டு இதழில் பதில் வந்தது. நம் ஆர்.என்.ஏ.வின் நுனிக்குச் செல் ஒரு மூடி போட்டுவிடும். பல வைரஸ்களுடையதில் அந்த நுனியில் மூன்று பாஸ்பேட்டுகள் திறந்து கிடக்கும். காவலாளி பார்ப்பது அதைத்தான். குழாயில் தயாரிப்பதற்கும் அதே திறந்த நுனி. வேதிமுறையில் கோத்துச் செய்யும் கம்பெனி சரக்குக்குக் கிடையாது. என் தட்டில் அழுக்கே இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கே வந்தது, நான்தான் துப்பினேன்.

சார் கட்டுரையை இரண்டு முறை படித்தார். "மெஹ்ரீன், அந்தப் பழைய நோட்டு இருக்கா? தேதி போட்டிருக்கோம்ல. நாமதான் முதல்ல பாத்தோம்னு காட்டலாம். தீசிஸ் தப்பிச்சிடும்."

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு. அதன் கீழே என் கையெழுத்தில், 'கை சுத்தமில்லை. என் தவறு.'

"நான் சொல்லித்தானேம்மா எழுதின," என்றார்.

ஆமாம். ஆனால் ஏன் என்று ஒரு முறைகூடக் கேட்காமல் பதினோரு முறை எழுதியது நான்தான். சார் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

வீட்டில் அத்தா தொழுகை முடித்து உட்கார்ந்திருந்தார்.

"ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து பொண்ணு கேட்டாங்கன்னீங்கள்ல, அவங்கள வரச் சொல்லுங்க அத்தா."

அத்தாவுக்கு எவ்வளவு சந்தோஷம். அம்மாவைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார்.