ஈரப் பக்கம்

விடியும் முன்பே அந்தச் சலவை ஆலையில் ஆவி கிளம்பிவிடும். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். ரத்தமும் மருந்தும் படிந்தவை. இயந்திரங்களின் வாயிலிருந்து அவற்றைச் சொட்டச் சொட்ட இழுத்துத் தள்ளுவண்டியில் போடும் இடத்துக்கு ஈரப் பக்கம் என்று பெயர். காய்ந்ததை உட்கார்ந்து மடிக்கும் இடம் உலர் பக்கம். முறுக்கிக்கொண்டு வரும் ஈரக் கட்டு, தூங்குகிற ஆளைத் தூக்குவது போலக் கனக்கும்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவள், வலக்கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு இடக்கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒட்டடை அடிக்க ஏணி எதற்கு, நெட்டை இருக்கிறாளே என்று முன்பெல்லாம் கேலி செய்வார்கள். இப்போது யாரும் செய்வதில்லை. அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது.

மழைக்காலத்தில் ஒருநாள், ஆட்களை ஏற்றிவரும் ஆலை வேன் பாலத்துத் திருப்பத்தில் கவிழ்ந்தது. வழுவழுவென்று தேய்ந்துபோன டயர்களை மாற்றச் சொல்லிக் கேட்டு அலுத்துப்போயிருந்தார் ஓட்டுநர். அவர் பிழைக்கவில்லை. நெட்டைக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த, குருவி என்று கூப்பிடும் பெண்ணுக்கு முழங்கால். இன்னும் சிலருக்கு இடுப்பு, விலா.

மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா வந்தாள். சாலை விபத்தில் அடிபட்டவர்கள் எப்படித் தேறுகிறார்கள், எது அவர்களைச் சீக்கிரம் எழுப்பி நடமாட விடுகிறது என்று ஆராய்பவள். சுவரில் விரல்களால் ஏறச் சொன்னாள், ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னாள். பலன் இருந்தது. யாரும் கேட்காததையெல்லாம் கேட்டாள். தூக்கம் வருகிறதா, வண்டியில் ஏறப் பயமா என்று. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை நெட்டை அவளிடம் சொன்னாள்: பிரேக் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறேன், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்று. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடிபட்ட மற்றவர்கள் டாக்டரம்மாவிடம் பேசத் தயங்கினார்கள். நெட்டைதான் வீடுவீடாகப் போய்ப் பேசினாள். நாம் சொன்னால் இனிமேல் அடிபடுகிறவர்களுக்காவது உதவும் என்றாள். குருவியும் அவள் பேச்சை நம்பித்தான் வந்தாள்.

ஆராய்ச்சியின் முதல் அறிக்கை வந்ததும் முதலாளி அடிபட்டவர்களைக் கூப்பிட்டனுப்பினார். குரல் குழைவாக இருந்தது.

"வீட்டுல உக்காந்தே இருந்தா வலி கூடுமாம். சீக்கிரம் வேலைக்கு வந்தவங்கதான் சீக்கிரம் தேறியிருக்காங்களாம். நான் சொல்லல, ஆராய்ச்சி சொல்லுது. எலும்பெல்லாம் கூடியாச்சு, பயம்தான் பாக்கி. குழாயத் திறந்துவிட்டு அழுதா பயம் போயிடுமா?"

பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழாய் அவளுடையது. நடுத்தெருவில் சேலையை உருவியது போல நின்றாள் நெட்டை.

அடிபட்ட எல்லோரையும் ஈரப் பக்கத்திலேயே போட்டார்கள். நெட்டை இடக்கையால் இழுத்துக்கொண்டிருந்த அந்த விடிகாலையில்தான் குருவி ஒரு கட்டை இழுத்தாள், முழங்கால் மடங்கியது. ஈரத் தரையில் விழுந்தவள்மேல் கட்டு சரிந்தது. கொதிகலனைக் கவனிக்கும் பெரியவர் ஓடிவந்து அவளைத் தூக்கினார்.

குருவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நெட்டை நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

"லேசான வேலைன்னுதான் நான் சொன்னேன்," என்றாள் டாக்டரம்மா. "உக்காந்து செய்யறது, கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டுப் போறது. அப்படி வேலைக்கு வந்தவங்கதான் தேறினாங்க."

"முதலாளி அதை விட்டுட்டுப் பேசறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டரம்மா சன்னலைப் பார்த்தாள். "தெரியும். ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது முதலாளிங்க சங்கம். நான் எதிர்த்துப் பேசினா ஆராய்ச்சியே நின்னுடும்."

"நாங்க பேசாம இருந்தாலும் நின்னுடுமே, டாக்டரம்மா."

நெட்டை திரும்பி நடந்தாள். முதலாளி செய்தது அவளுக்குப் புதிதல்ல. கையைப் பிடித்தவள் செய்ததுதான் நெஞ்சை அறுத்தது. அதைவிட, ஆராய்ச்சிக்குக் குருவியை அழைத்துப்போனது தான்தானே என்பது.

மறுநாள் காலை, இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன் எல்லோரையும் நிற்கச் சொன்னாள். அடிபடாதவர்களுக்கும் மனத்தாங்கல் இருந்தது. இவர்கள் படுத்துக்கிடந்த காலமெல்லாம் இவர்கள் சுமையையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். நொண்டிச் சாக்கு என்று முணுமுணுத்ததும் உண்டு. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். அந்தக் குழாய் தன்னுடையது என்பதையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கொதிகலனிடம் போய், அறுவைசிகிச்சைத் துணி துவைக்கும் ஒரு இயந்திரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு ஆவியை அடைத்தார்.

முதலாளி வந்தார். இந்த முறை குழைவு இல்லை.

"நோயாளிங்க வெறும் கட்டில்ல படுக்கணுமா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"அந்தக் கட்டில்ல நாங்களும் படுத்திருந்தோங்க," என்றாள் நெட்டை. "ஆபரேஷன் துணி நிக்காது. மத்தது நிக்கும். அடிபட்டவங்களுக்கு உலர் பக்கத்துல வேலை குடுங்க. வேனுக்கு டயர் மாத்துங்க. இனிமே எங்க வலியக் கேட்டு எழுதறவங்க, முடிவ முதல்ல எங்ககிட்ட முழுசாச் சொல்லணும்."

"வெளிய ஆள் வரிசையில நிக்குது, தெரியுமில்ல?"

"வரட்டுங்க," என்றார் பெரியவர். "அவங்களும் அதே வேன்லதான் வரணும்."

முதலாளி அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் தொலைபேசியில் பேசும் சத்தம் கேட்டது. யாரை வரவழைக்கிறார் என்று தெரியவில்லை. மாலைக்குள் தங்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்பதும் தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்தார்கள். நொண்டிச் சாக்கு என்று முணுமுணுத்தவர்களில் ஒருவன் நகர்ந்து நகர்ந்து நெட்டையின் அருகில் வந்தான். அந்த டாக்டரம்மா என்னவெல்லாம் கேட்டாள் என்று விசாரித்தான். அவள் சொல்லச் சொல்ல, அவன் மெல்லத் தன் இடுப்பைத் தொட்டுக்கொண்டான்.

"எனக்கும் ரொம்ப நாளா இருக்குக்கா. எவனும் கேட்டதில்ல."

"எந்த இடத்துல?" என்றாள் நெட்டை. "எப்ப அதிகமா வலிக்குது?"

அவன் சொல்லத் தொடங்கினான். மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.