மாடு இல்லாத வீடு

"உங்க அம்மா எதுல செத்தாங்க, அண்ணி?"

மார்ச் மாதத்தில் ஒருநாள் லெனுட்சா இப்படிக் கேட்டபோது அக்லாயா வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். லெனுட்சா அவள் நாத்தனார், கிராமத்துச் செவிலி. மடியில் ஒரு படிவம் வைத்திருந்தாள். ஐம்பது தாண்டிய பெண்களின் மார்பைப் படமெடுக்க நகரத்திலிருந்து ஒரு வண்டி வரப்போகிறது. காசு கிடையாது. ஆனால் அறுபது பெயர் சேர்ந்தால்தான் வண்டி வரும்.

"மாடு உதைச்சு" என்றாள் அக்லாயா. கத்தி பிடித்த கையாலேயே தன் இடது மார்பைத் தொட்டுக் காட்டினாள். "உதைச்ச எடத்துல கட்டி வந்துச்சு. ரெண்டு வருஷத்துல போயிட்டாங்க."

"மாடு உதைச்சா அந்தச் சீக்கு வராது அண்ணி. அது தானா உள்ள வளர்றது. கைக்குத் தட்டுப்படறதுக்கு முன்னாடியே, அரிசி அளவு இருக்கும்போதே, படத்துல தெரிஞ்சுடும். அதுக்குத்தான் இந்த வண்டி. எதுவும் இல்லாதவங்கதான் வரணும்."

"எதுவும் இல்லன்னா எதுக்கு வரணும்?"

"இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான்."

அக்லாயாவின் அம்மாவுக்குக் கையில் தட்டுப்பட்டபோது அது வாதுமைக் கொட்டை அளவு இருந்தது. கடைசி மூன்று மாதம் அந்த அறைக்குள் யாரும் போகவில்லை, அக்லாயாவைத் தவிர. புண்ணின் நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தால் ஈ வந்தது, மூடினால் மூச்சு முட்டியது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து ஒவ்வொரு குளியலிலும் சோப்பு நுரைக்கடியில் விரல்கள் தானாக இடது பக்கம் போய்த் தேடும். ஒன்றும் இருக்காது. அடுத்த குளியலில் மறுபடி தேடும்.

"என் பேரை எழுது" என்றாள்.

அந்த ஊரில் மாடுகள் நிறைய உதைத்தன. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு ஒருத்தி கண் வீங்கி வந்தால் மாடு. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தால் மாடு. எந்த வீட்டு மாடு என்று பாதிரியாரும் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. அக்லாயாவின் புருஷன் நெக்குலாய், மகளை பர்லாத் நகரத்துத் தையல் ஆலைக்கு அனுப்பிய வருஷமே கடைசி மாட்டை விற்றுவிட்டான். ஒன்பது வருஷமாகத் தொழுவத்தில் விறகு கிடக்கிறது. மாடு மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது.

வண்டி வருவதற்குப் பத்து நாள் முன்பு லெனுட்சா சாராயக்கடைக்குப் போனாள். ஆண்கள் எல்லாரும் இருந்த நேரம்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை வரைக்கும் பொம்பளைங்க மேல கை வைக்காதீங்க. இடுப்புக்குக் கீழ என்னமோ பண்ணித் தொலைங்க. வண்டியில வர்றது வெளியூர்ப் பொண்ணு. மேல ஏதாவது பார்த்தா எழுதிடுவா. அப்புறம் போலீசு, விசாரணைன்னு என் உயிரை வாங்குவாங்க."

"காலை ஒடச்சுட்டா வண்டிக்கு நடந்து வர முடியாதே, லெனுட்சா?" என்றான் ஒருவன்.

"அப்ப நீயே தூக்கிட்டு வா."

கடையே சிரித்தது. லெனுட்சாவும் சிரித்தாள். ஊருக்கு ஒரு நல்லது செய்துவிட்ட நிறைவோடுதான் வெளியே வந்தாள். அந்த ஏற்பாடு நடக்கவும் செய்தது. எட்டு நாள் அக்லாயாவின் தோளுக்கும் மார்புக்கும் ஓய்வு கிடைத்தது. தொடைகள்தான் கறுத்துப் போயின.

செவ்வாய்க்கிழமை மாலை சோளக்களி கொதித்துக்கொண்டிருந்தது. நெக்குலாய் உள்ளே வந்து கதவைக் காலால் சாத்தினான். கடையில் யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள் என்று அவன் கழுத்துச் சிவப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது.

"என்னடி, வண்டிக்குள்ள போய் அவுத்துப் போட்டு நிக்கப்போறியாமே? பலகையில வெச்சு நசுக்குவாங்களாமே? எல்லாப் பயலும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டறான்."

"உன் தங்கச்சிதான் பேர் எழுதினா."

அவள் சொன்னது இவ்வளவுதான். அவன் அவள் கையிலிருந்த களி கிண்டும் துடுப்பைப் பிடுங்கினான். கொதிக்கும் களி அதில் ஒட்டியிருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. அவள் தலையை மறைக்கக் கைகளைத் தூக்கினாள், பழக்கம் அது. இரண்டாவது அடி இடது மார்பில் இறங்கியது. அவள் கையைக் கீழே கொண்டுவருவதற்குள் அதே இடத்தில் மூன்றாவது.

"இந்தா, படம் எடுத்துக்கோ! இந்தா!"

நாலாவது அடியில் துடுப்பின் காம்பு முறிந்தது. அவள் விழுந்தாள். பானையும் விழுந்தது. விழுந்தவளின் விலாவில் பூட்ஸ் காலால் இரண்டு மிதி மிதித்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சாப்பாடு எங்கே என்று கேட்டான். தரையில் கொட்டாமல் பானை ஓரத்தில் தங்கியிருந்த களியை வழித்து, பாலாடைக்கட்டி வைத்து, அவள் கொடுத்தாள்.

மறுநாள் காலை இடது மார்பு பழுத்த பிளம் பழத்தின் நிறத்தில் இருந்தது. லெனுட்சா வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் மேல் பாய்ந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

ரெண்டு நாள். அக்லாயா அந்தச் சொல்லைக் கேட்டாள். 

"நான் போகலாமில்ல?" என்று மட்டும் கேட்டாள். "என் பேர் பட்டியல்ல இருக்குல்ல?"

வியாழக்கிழமை விடியும்போதே லெனுட்சா தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முகப்பூச்சு டப்பாக்களோடு வந்தாள். கிரீம், அதன் மேல் பவுடர், மறுபடி கிரீம். சுவர்த் துளையை மண் வைத்து அடைப்பதுபோல் பூசினாள். ஒவ்வொரு தொடலுக்கும் அக்லாயா பல்லைக் கடித்தாள். படம் எடுக்கிற அன்று பவுடர், கிரீம் எதுவும் பூசக்கூடாது என்ற அறிவிப்பை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியதே லெனுட்சாதான்.

ஊர் மன்றத்தின் முற்றத்தில் வண்டி நின்றது. வெள்ளை வண்டி. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு 'இலவசம்' என்று எழுதியிருந்தது. பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தலைக்குட்டையோடு வரிசையில் நின்றார்கள். நெக்குலாய் வேலிக்கு அந்தப் பக்கம் மற்ற ஆண்களோடு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்த பெண்ணின் பெயர் கமேலியா. முப்பது வயது இருக்கும். அக்லாயா ரவிக்கையைக் கழற்றியதும் கிட்டே வந்து முகர்ந்தாள்.

"ஏதாவது பூசியிருக்கீங்களாம்மா? பூசினா படத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழும். சீக்குப் புள்ளியும் அதே மாதிரிதான் இருக்கும், எது எதுன்னு தெரியாது. துடைச்சுட்டு வந்துடுங்க."

ஈரத்தாளைக் கொடுத்தாள். அக்லாயா துடைத்தாள். முதல் தாளில் கல்யாணப் பெண்ணின் நிறம் வந்தது. இரண்டாவது தாளில் கீழே இருந்தது வெளியே வந்தது.

கமேலியா குனிந்து பார்த்தாள்.

"மாடு உதைச்சிடுச்சு மேடம்" என்றாள் லெனுட்சா, பட்டியலோடு வாசலில் நின்றபடி.

"இவங்க நாலாவது ஆள். காலையிலேர்ந்து நாலு பேரை மாடு உதைச்சிருக்கு. நான் வர்ற வழியில இந்த ஊர்ல ரெண்டே ரெண்டு மாடுதான் பார்த்தேன். ரெண்டும் பாவம், படுத்து அசை போட்டுட்டிருந்துச்சு."

வெளியே வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

வலது பக்கத்தை மட்டும் கமேலியா படம் எடுத்தாள். தட்டு இறங்கி அழுத்துவதற்கு முன் "வலிக்குதா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றாள். வலித்தால் நிறுத்துவதாக இதற்குமுன் யாரும் அக்லாயாவிடம் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"இடது பக்கம் இன்னிக்கு முடியாதும்மா. உள்ள ரத்தம் கட்டியிருக்கு. கட்டி இருந்தா அதை மறைச்சுடும், இல்லன்னாலும் இருக்கற மாதிரி காட்டும். ஆறு வாரம் ஆறட்டும். சீட்டு எழுதித் தர்றேன், பர்லாத் ஆஸ்பத்திரியில எடுத்துக்கலாம். அங்கயும் காசு கிடையாது. ஒண்ணே ஒண்ணுதான், அதுக்குள்ள மறுபடி அடி படக்கூடாது. பட்டா அன்னியிலேர்ந்து இன்னொரு ஆறு வாரம்."

ஆறு வாரம். அக்லாயா யோசித்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். சேர்ந்தாற்போல் ஆறு வாரம் எப்போது கிடைத்தது? ஒரே ஒரு முறை, அவன் இத்தாலிக்குத் தக்காளி பறிக்கப் போன கோடையில்.

"எப்படி ஆச்சுன்னு படிவத்துல எழுதணும்" என்றாள் கமேலியா.

"மாடுன்னு எழுதுங்க மேடம்" என்றாள் லெனுட்சா அவசரமாக. "இந்த ஊர்ல அப்படித்தான்..."

"எங்க வீட்டுல மாடு கிடையாது."

அக்லாயாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வண்டியின் தகரச் சுவரில் பட்டு முற்றம் வரைக்கும் போனது.

"மாடு இல்ல, ஒன்பது வருஷமா இல்ல. களி கிண்டற துடுப்பு. நாலு அடி. நெக்குலாய், என் புருஷன். இவளோட அண்ணன். எழுதிக்கோம்மா."

கமேலியா எழுதினாள். 

லெனுட்சாவின் கண் கலங்கியது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "நான் உங்களுக்கு நல்லதுதானே அண்ணி செஞ்சேன்?"

"செஞ்ச" என்றாள் அக்லாயா, ரவிக்கையை ஒரு கையால் மாட்டிக்கொண்டே. "இடுப்புக்குக் கீழ அடிங்கன்னு சொல்லிக் கொடுத்த."

அவள் படியிறங்கியபோது வரிசை விலகி வழிவிட்டது. அடுத்து நின்ற பரஸ்கீவா தலைக்குட்டை நுனியை எச்சிலில் நனைத்து, எல்லாரும் பார்க்க, தன் கழுத்திலிருந்த பவுடரைத் தேய்த்துத் தேய்த்துத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் அதைப் பார்த்துக்கொண்டே தன் குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

நெக்குலாய் சிகரெட்டைக் காலில் நசுக்கிவிட்டு வேலியைத் தாண்டி உள்ளே வந்தான். உள்ளே பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் முற்றம் முழுக்கப் பெண்கள் நின்றார்கள்.

"முடிஞ்சுதா? வா, வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

சாலையில், மகள் இருக்கும் பர்லாத்துக்குப் போகிற ஒரு மணிப் பேருந்து வந்து நின்றது. அக்லாயா அதை நோக்கி நடந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ஏய்! எங்கடி போற? வீடு இந்தப் பக்கம்!"

அவள் நடையை நிறுத்தவில்லை. பேருந்தில் ஏறி, இடது பக்கம் எதுவும் படாதபடி பக்கத்து இருக்கை காலியாக இருந்த வலது ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பேருந்து கிளம்பியது.