அவர் தூங்கியபோது முடிந்த வாக்கியங்கள்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் முதலில் அடி வாங்கும். அன்று சமையலறையே அதிர்ந்தது.

பத்திரிகைக்கு நான் அனுப்பிய கதை திரும்பி வந்திருந்தது. நாற்பத்து மூன்று வயதில் எழுதிய முதல் கதை. ‘வரும் கதைகளை எல்லாம், நடையை ஒப்பிட்டுச் சொல்லும் இணையதளத்தில் போட்டுப் பார்க்கிறோம். உங்கள் கதை ஐயாவின் நடையோடு தொண்ணூற்றொரு சதவீதம் ஒத்துப்போகிறது. நகல்களை வெளியிடுவதில்லை’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார். ஐயா நாடறிந்த எழுத்தாளர். பதினோரு வருடமாக, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்பவள் நான்.

“சந்தோஷப்படேன். எனக்கு யாராவது தொண்ணூறு மார்க் போட்டா பஸ்ஸை நிறுத்தி எல்லார்கிட்டயும் சொல்லுவேன்” என்றார் என் வீட்டுக்காரர். அவர் பஸ் ஓட்டுகிறார்.

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. நான் திருடினேன்னு சொல்றாங்க, புரியுதா?”

“திருடினியா?”

“கரண்டி பறக்கும், சொல்லிட்டேன்!”

“அப்ப நீயே போட்டுப் பாரேன்.”

போட்டுப் பார்த்தேன். என் வரிகள் இடப்பக்கம், அவற்றை ஒத்த ஐயாவின் வரிகள் வலப்பக்கம் மஞ்சள் பூசி வந்தன. வலப்பக்கத்தில் முதல் வரி: ‘கதவைச் சாத்திய பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள், கதவுக்கு அது தெரிந்திருந்தது.’ அந்த வரி பிறந்த மதியம் எனக்கு ஞாபகம் இருந்தது.

ஐயா சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொல்வார். நீலத் திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சத்தில் அந்த அறை தண்ணீருக்குள் இருப்பது போலிருக்கும். மேஜை, புத்தகங்கள், அவருடைய வெள்ளைத் தலை எல்லாம் லேசாக மிதக்கும். வாக்கியத்தின் நடுவிலேயே அவர் தூங்கிப்போவார். முதல் வருடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம் சும்மா இருக்க மாட்டாமல், நின்ற வாக்கியத்தை நானே முடித்துவைத்தேன். விழித்ததும், “எங்க விட்டேன்?” என்பார். படித்துக் காட்டுவேன். “ஆமா, அதான்” என்று மேலே போவார். கண் மங்க மங்க அவர் தூக்கம் நீண்டது. என் வாக்கியங்கள் பத்திகளாயின. எது அவர் கனவு, எது என் விழிப்பு என்று எனக்கே தெரியாமல் போனது. எழுதுகிறேன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. தூங்குகிறவருக்குப் போர்த்திவிடுவது போலத்தான் செய்தேன்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு வந்த அவர் புத்தகங்களோடு என் கதையை ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினான்கு சதவீதம்தான் ஒத்துப்போனது. மஞ்சள் வரிகள் எல்லாம் அவர் தூங்கியபோது வந்தவை.

வீட்டுக்காரர் விளையாட்டை விட்டுவிட்டார். “பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடு.”

“நான் சொன்னா யார் நம்புவாங்க? ஐயா சொன்னாத்தான் உண்டு.”

மறுநாள் மதியம் என் கதையை ஐயாவிடம் படித்தேன். அதிசயமாக, கடைசி வரி வரை அவர் தூங்கவில்லை.

“எந்தத் தொகுப்புல வந்தது இது? எழுதினதே ஞாபகம் இல்ல. நல்லா வந்திருக்கு.”

“இது என்னோடது, ஐயா.”

சொல்லிவிட்டேன். பத்திரிகை, மஞ்சள் வரிகள், அவருடைய தூக்கம் எல்லாவற்றையும். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. திரைச்சீலை ஒரு தடவை உப்பி அடங்கியது.

“தூங்கி எழுந்தா நல்லா எழுத வருதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “எவ்வளவும்மா?”

“நிறைய, ஐயா.”

பிறகு, “பத்திரிகைக்கு ஒரு கடிதம். எழுதிக்கோ” என்றார். “ஆசிரியருக்கு. இந்தக் கதை என் நகல் அல்ல. கடந்த பத்து வருடங்களாக நான்...”

கண்கள் மூடிக்கொண்டன.

மீதி வாக்கியம் என் விரல் நுனிக்கு வந்துவிட்டது. அழகாக, அளவாக. முடித்துப் படித்துக் காட்டினால் “ஆமா, அதான்” என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் அந்தக் கடிதமும் நான் எழுதியதாகிவிடும். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வெயில் நாற்காலிக் காலிலிருந்து அவர் முழங்காலுக்கு ஏறியது. தூங்குகிறாரா, யோசிக்கிறாரா, தெரியவில்லை. விழிக்கும்போது எல்லாம் மறந்திருந்தால் என் கதை போயே போச்சு. ஆனாலும் அசையவில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “எங்க விட்டேன்?”

“‘கடந்த பத்து வருடங்களாக நான்’ வரைக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், ஐயா.”

உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கைவிட்டார். வாய்வரை வந்த உதவியை நான் விழுங்கிக்கொண்டேன்.

“கடந்த பத்து வருடங்களாக நான் தூங்கினேன்” என்றார் கடைசியில். “இவர் எழுதினார்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே தட்டினேன்.